காத்தான் வைத்த புள்ளி

செந்தண்ணீர்புரத்தில் வீரமலை ஷெட்டுக்கு வழி கேட்டால், டீக்கடைக்காரர் கையைக் காட்டும்போதே ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுப்பார். டைமிங் பெல்ட் வேலை என்றால் போக வேண்டாம், அந்த ஆள் எடுக்க மாட்டார் என்று. மூன்று வருஷமாக அப்படித்தான். கிளட்ச் போடுவார், ரேடியேட்டர் கழற்றுவார், பிரேக் பார்ப்பார். பெல்ட் என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். குனிய முடியவில்லையாம். அதே மனுஷர் கியர்பாக்ஸை மார்மேல் வைத்துத் தூக்கி மாட்டுவதை அந்தத் தெருவே பார்த்திருக்கிறது. ஆளைப் பார்த்து, வேலையைப் பார்த்து வலிக்கிற இடுப்பு உலகத்தில் அவருக்கு ஒருத்தருக்குத்தான்.

வீரமலைக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர் லால்குடிக்குப் பக்கம். அப்பாவுக்கு இருந்தது முக்கால் ஏக்கர் நெல் வயல், அதற்குப் பங்காளி மூன்று பேர். பங்கு பிரித்தால் தன் பங்கில் ஒரு மாட்டைக் கட்டலாம், மாடு திரும்பிப் படுக்க முடியாது என்று புரிந்துகொண்டு, பத்தாவது பெயிலான கையோடு பாசஞ்சர் ரயிலேறித் திருச்சிக்கு வந்துவிட்டார். பாலக்கரையில் ஒரு பட்டறையில் எட்டு வருஷம். பிறகு சொந்தமாக நாலு தகரம் போட்டு இந்த ஷெட். வள்ளிக்கண்ணுவைக் கட்டிய மறுவருஷம் அவள் தம்பி காத்தானும் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு இருபது வயது. அக்கா புருஷனை மாமா என்பான். அதற்கு மேல் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவனுக்கும் சேர்த்து வீரமலை பேசிக்கொள்வார்.

இருபத்திநாலு வருஷம் இரண்டு பேரும் ஒரே வண்டியின் இரண்டு பக்கத்தில் நின்று வேலை பார்த்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, வேகமான வண்டி வைத்திருக்கிற ஆசாமிகள் கரூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் தேடிக்கொண்டு வந்தது இவர்களைத்தான். அதற்குக் காரணம் அவர்களிடம் இருந்த ஒரு பழக்கம். அதைச் சொல்லாமல் கதை நகராது.

இஞ்சினுக்கு மேலே கேம்ஷாப்ட் என்று ஒரு தண்டு. அதில் வரிசையாகப் புடைப்புகள் இருக்கும். புடைப்பு வந்து அமுக்கினால் வால்வு திறக்கும், விலகினால் மூடும். கீழே கிராங்க். அது பிஸ்டன்களை ஏற்றி இறக்கும். மேலதையும் கீழதையும் பல் வைத்த ஒரு பெல்ட் சேர்த்துப் பிடித்திருக்கும், அதுதான் டைமிங் பெல்ட். பிஸ்டன் ஏறி வருகிற நேரத்துக்கு வால்வு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்காவிட்டால் இரண்டும் முட்டும், வால்வு வளையும், இஞ்சின் போச்சு. அதனால் பெல்ட் ஓடுகிற மேல் சக்கரத்தில் ஒரு மார்க், கீழ் சக்கரத்தில் ஒரு மார்க். இரண்டும் அதனதன் இடத்தில் நிற்கும்போதுதான் பெல்ட்டை மாட்ட வேண்டும்.

மேல் மார்க்கை வீரமலை வைப்பார். கீழ் மார்க் காத்தானுடையது. பெல்ட்டை மாட்டியதும் இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்வார்கள். காத்தான் எழுந்து மேலே பார்ப்பான், வீரமலை படுத்துக் கீழே பார்ப்பார். அதன் பிறகு ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று. எங்காவது இடித்தால் கைக்குத் தெரிந்துவிடும். அப்புறம்தான் சாவி. தான் வைத்ததைத் தானே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும் என்பது காத்தானின் கட்சி. போதாததற்குப் பெண்டாட்டி ரெங்கம்மாளின் மெரூன் கலர் நகப்பூச்சு ஒன்று எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். கீழ் மார்க் சரியாக நின்றதும் சக்கரத்தில் ஒரு புள்ளி, அதற்கு நேர் எதிரே இஞ்சின் உடம்பில் ஒரு புள்ளி. வைத்துவிட்டு ஊதிக் காயவிடுவான். வீரமலை அதைக் கிண்டலடிக்காத நாள் இல்லை. நலங்கு வைத்தாயிற்றா மாப்ள, பொண்ணை அனுப்பலாமா என்பார்.

கெட்ட நாள் ஒன்று வந்தது. ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் சுபலட்சுமி டீச்சர் என்று ஒருவர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிசார் கட்டாத நாளெல்லாம் கார் ஓட்டுகிற நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்து ஒன்றில் வந்த ஹோண்டா சிட்டி, வி-டெக் இஞ்சின். அந்த இஞ்சினின் கேம்ஷாப்ட்டில் சாதாரணப் புடைப்புகளோடு கூடவே பெரிய புடைப்பும் உண்டு. வேகத்தைக் கூட்டி ஒரு அளவைத் தாண்டினால் பெரியது வேலைக்கு வரும், வண்டி குரலை மாற்றிக்கொண்டு பாயும். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே டீச்சர் திருவெள்ளறைப் பெருமாளை அடிக்கடி சேவிக்கப் போவார்.

சென்னையில் யாரிடமோ வாங்கிய வண்டி அது. முதல் தடவையாக இவர்களிடம் பெல்ட் மாற்ற வந்தது. தங்கைக்கு மதுரையில் ஆபரேஷன், மூன்று மணிக்குள் வண்டி வேண்டும் என்று டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காத்தான் கீழ் மார்க்கை வைத்தான், புள்ளி வைத்தான், ஊதினான். வீரமலை மேல் மார்க்கை வைத்தார். பெல்ட் ஏறியது. காத்தான் மேலே பார்ப்பதற்காக எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே வீரமலை கவரை மூடி போல்ட்டை முறுக்கத் தொடங்கிவிட்டார். நான் பார்த்துவிட்டேன், முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், நீ சாவியைப் போடு என்றார். காத்தான் ஒரு கணம் நின்றான். பிறகு போட்டான்.

தகரத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான், இஞ்சின் நின்றுவிட்டது.

டீச்சர் எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். வீரமலையின் வாயிலிருந்து அந்த வார்த்தை வர அரை நொடிகூட ஆகவில்லை.

"கீழ மார்க்க விட்டுட்டான் டீச்சர், இவன்."

காத்தான் அவரைப் பார்த்தான். கையைத் துடைத்தான், துடைத்த துணியை நாலாக மடித்துப் பானெட் ஓரத்தில் வைத்தான், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வண்டியை அன்றைக்கே வேறொரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பதினாறு வால்வில் பதினொன்று வளைந்திருந்ததாம். தப்பு மேலேயா கீழேயா என்று அங்கே யாரும் பார்க்கவில்லை, அது அவர்களுக்குத் தேவையும் இல்லை.

வாய் தவறி வந்த வார்த்தை என்று சாயங்காலமே காத்தான் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே தீர்ந்திருக்கும். மனுஷர் போகவில்லை. வள்ளிக்கண்ணு கேட்டபோது அதையே சொன்னார். டீக்கடையில் கேட்டார்கள், அதையே சொன்னார். பத்துப் பேரிடம் சொன்ன பிறகு பதினோராவதாகத் தனக்கே சொல்லிக்கொள்வது கஷ்டமாக இல்லை. காத்தான் தப்புப் பண்ணினான், பண்ணிவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்காமல் போனான், அவனுக்கு என்ன அவ்வளவு திமிர் என்று கோபமே வந்துவிட்டது.

அந்தக் கோபத்தில் அவர் செய்த காரியம்தான் பெரிது. அடுத்த தை மாதம் மகள் ஆனந்தவள்ளிக்கு லால்குடியில் கல்யாணம். காத்தானுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. "தாய்மாமன் இல்லாம என் பொண்ணு மேடையேறுமா?" என்று வள்ளிக்கண்ணு கேட்டாள். அவன் வந்து மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் மாலை போடட்டும் என்றார் வீரமலை. காத்தான் வரவில்லை. வள்ளிக்கண்ணுவின் பெரியப்பா மகன் ஒருத்தர், வருஷத்துக்கு ஒரு தடவைகூட வீட்டுப் பக்கம் வராதவர், மாமன் முறைக்கு மாலை போட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போனார். ஆனந்தவள்ளி தலையை நிமிர்த்தவே இல்லை. கல்யாணப் பெண்ணின் வெட்கம் என்று போட்டோக்காரர் சிரித்தார்.

வள்ளிக்கண்ணு சண்டை போடவில்லை. அன்றிலிருந்து அவரிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். சாப்பாடு வைத்திருக்கிறேன், கேஸ் தீர்ந்துவிட்டது, மழை வருகிறது, இவ்வளவுதான். வீரமலையின் இடுப்பில் வலி வந்ததும் அந்த மாதத்தில்தான்.

போன ஆனி மாதம் டீச்சர் மறுபடியும் வந்தார். இஞ்சின் மேல்பக்கம் டிக் டிக்கென்று ஒரு சத்தம், இழுவையும் இல்லை. கேம்ஷாப்ட்டில் புடைப்பு தேய்ந்துவிட்டது என்று கேட்ட மாத்திரத்தில் வீரமலைக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்பில் இவ்வளவு பழைய வண்டியைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். டீச்சர் விடுவாரா? சென்னையில் சொல்லி வைத்து, நல்ல கேம்ஷாப்ட் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வீரமலை இடுப்பைப் பிடித்தார்.

"உங்க இடுப்பு இருக்கட்டும் வீரமலை," என்றார் டீச்சர். "நீங்க பண்ணாட்டா இதைக் காயலாங்கடைக்குத்தான் தள்ளணும். அன்னிக்குத் தப்பு உங்க மச்சான் பேர்லன்னு நீங்கதானே சொன்னேள்? அப்புறம் உங்களுக்கு என்ன பயம்?"

வீரமலை இடுப்பிலிருந்து கையை எடுத்தார். சாவியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் காரின் முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினார், வெளிப் பெல்ட்டுகளைக் கழற்றினார், மேல் கவரை எடுத்தார். கிராங்க்கைக் கையால் சுற்றி, முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். படுத்துக்கொண்டு கீழ்க் கவரை எடுத்தார். எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிம்பாக அப்பியிருந்தது. விரலால் வழித்தார். மெரூன் கலரில் ஒரு புள்ளி.

இன்னும் கொஞ்சம் வழித்தார். எதிரே இன்னொரு புள்ளி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. சக்கரத்தில் கம்பெனி போட்ட மார்க்கின் மேலேயே ஒன்று, உடம்பில் கம்பெனி போட்ட அம்புக்குறியின் மேலேயே மற்றொன்று. நூல் பிசகவில்லை. அந்த இஞ்சினின் கீழ்க் கவரைக் காத்தான் திறந்தது வாழ்க்கையில் அந்த ஒரே ஒரு நாள்தான்.

வீரமலை எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். இஞ்சின் போன அன்றைக்கு அதைப் போடவில்லை, டீச்சர் முன்னால் கிழவனாகத் தெரிய வேண்டாம் என்று பெட்டியிலேயே கிடந்தது. மேல் சக்கரத்தைப் பார்த்தார். கம்பெனி மார்க் மெல்லிய கோடாக, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதற்கு மூன்று பல் தள்ளி, சென்னையில் எந்த மெக்கானிக்கோ எப்போதோ பெயின்டால் இழுத்த வெள்ளைக் கோடு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் நேர்ப்படுத்தியது ஒரு வெள்ளைக் கோட்டைத்தான்.

கையில் பெட்ரோல் நனைத்த துணி இருந்தது. இஞ்சினைப் பிரித்தால் சுத்தம் பண்ணுவது எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலை. ஒரு துடைப்புத் துடைத்தால் புள்ளியும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. துணியைக் கீழே கொண்டுபோனார். புள்ளிக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றுவிட்டது. மகள் தலைகுனிந்து மேடையேறியது கண் முன்னால் வந்தது. ஐம்பத்தெட்டு வயது மனுஷர் சக்கரம் இல்லாத காருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதார். சத்தம் போட்டுத்தான் அழுதார், பக்கத்து வெல்டிங் கடைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அழுது முடித்து வேலையைப் பார்த்தார். டைமிங் பெல்ட்டைக் கழற்றி, தண்டை அமுக்கிப் பிடித்திருக்கும் ராக்கர் போல்ட்டுகளை ஒரே மூச்சில் எடுக்காமல், ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். பழைய கேம்ஷாப்ட்டைத் தூக்கினார். தேய்ந்த புடைப்பில் நகத்தை வைத்தால் நகம் மாட்டியது. மாற்றுத் தண்டுக்கு எண்ணெய் தடவி, குழந்தையைக் கிடத்துவதுபோல இருக்கையில் கிடத்தினார். எண்ணெய் கசியாமல் புதுச் சீல் வைத்தார், மேல் சக்கரத்தை மாட்டினார், கண்ணாடியோடு கம்பெனி மார்க்குக்கு வைத்தார், பெல்ட்டை ஏற்றினார். கையால் சுற்றிப் பார்க்கவில்லை. சாவியும் போடவில்லை. டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு அரியமங்கலம் போனார்.

அங்கே லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் காத்தான் ரிவெட் அடித்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்துவிட்டிருந்தது. வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்ததெல்லாம் வீரமலைக்கு மறந்துபோனது.

"மாப்ள, பெல்ட்டு ஒண்ணு போட்டிருக்கேன். மாத்திப் பார்க்க ஆள் இல்ல."

காத்தான் சுத்தியலைக் கீழே வைத்தான். எந்த வண்டி என்று கேட்டான். டீச்சர் வண்டி என்றார். மிச்ச ரிவெட்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டான். அப்புறம் மேஸ்திரியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

ஷெட்டுக்குள் வந்ததும் நேராக மேல் சக்கரத்திடம் போனான். கம்பெனி மார்க்கைப் பார்த்தான். வெள்ளைக் கோட்டையும் பார்த்தான். படுத்துக் கீழே பார்த்தான், தன் புள்ளிகளைப் பார்த்தான். ஸ்பேனரைப் போட்டு மெதுவாகச் சுற்றினான். அந்த இஞ்சின் மற்ற வண்டிகளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது, மறக்காமல் அந்தப் பக்கமே சுற்றினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. எங்கும் இடிக்கவில்லை. பெட்ரோல் துணியை எடுத்து வெள்ளைக் கோட்டை அழுத்தித் தேய்த்து அழித்தான். புள்ளிகளைத் தொடவில்லை.

"சரியா இருக்கு மாமா. சாவி போடுங்க."

அதற்குள் டீச்சரும் வந்துவிட்டார். வீரமலை சாவியைப் போடவில்லை. முதலில் பேச்சு முடியட்டும் என்று நினைத்தார். யார் முன்னால் சொன்னாரோ அவர் முன்னாலேயே திருப்பிச் சொல்ல வேண்டும்.

"டீச்சர், அன்னைக்குத் தப்பு என்னுது. மேல் மார்க்க நான்தான் தப்பா வச்சேன். மாத்திப் பார்க்க விடாம மூடினதும் நான்தான். இவன் வச்சது சரியா இருந்துச்சு. பழிய இவன் மேல போட்டுட்டேன்."

டீச்சர் காத்தான் பக்கம் திரும்பினார். பூ மார்க்கெட்டில் காத்தானை இரண்டு தடவை பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதாகச் சொன்னார். "நீங்க சொன்னதை அப்படியே நம்பினேனே, வீரமலை," என்றார்.

வண்டி ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. டிக் டிக் இல்லை. டீச்சர் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பெரிய புடைப்பு எழுந்து அந்தப் பழைய குரல் வந்தது. வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். டீச்சர் போன பிறகு வீரமலை கேட்டார், நீ வைத்தது சரி என்று உனக்குத் தெரியுமே, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று.

"என் மார்க் சரின்னு தெரிஞ்சா, தப்பு எங்கன்னும் தெரியும்ல மாமா," என்றான் காத்தான். "உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன். நீங்களா வருவீங்கன்னு இருந்தேன்."

வீரமலை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வா, உன் அக்காவைப் பார், அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசி மூன்று வருஷமாகிறது என்றார். காத்தான் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் பேசும்போது அவரைப் பார்க்கவும் இல்லை.

"கல்யாணத்துக்கு நான் வந்தேன் மாமா. மாலை கட்டச் சொல்லி வாங்கிட்டு, மண்டபத்து வாசல் வரைக்கும் வந்தேன். மைக்குல தாய்மாமன் மேடைக்கு வரணும்னு கூப்பிட்டாங்க. கால எடுத்து வச்சுட்டேன். அப்பதான் பெரியப்பா மவன் மேடையேறுறது தெரிஞ்சுது. திரும்பி வர்ற வழியில மாலையக் கொள்ளிடத்துல விட்டுட்டு வந்துட்டேன்."

காத்தான் கையைத் துடைத்து, துணியை நாலாக மடித்து வைத்தான்.

"பெல்ட்டு வேலை வந்தா சொல்லி அனுப்புங்க. வந்து பார்த்துக் குடுத்துட்டுப் போறேன். வீட்டுக்குக் கூப்பிடாதீங்க."

பஸ்ஸுக்கு நடந்தே போனான். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையசைத்துவிட்டான்.

வீரமலை கடையைச் சாத்திவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். வள்ளிக்கண்ணு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். புள்ளியைச் சொன்னார், வெள்ளைக் கோட்டைச் சொன்னார், துடைக்கப் போன துணியைக்கூட மறைக்கவில்லை. அவள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. மண்டபத்து வாசலைச் சொன்னபோதுதான் அவள் கை நின்றது. திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கேட்டாள்.

"என்ன மாலை வாங்கியிருந்தானாம்?"

அதை அவர் கேட்டுக்கொண்டு வரவில்லை.